நடத்தை திருப்திகரம்

வாயில் ஆணிகளை வைத்துக்கொண்டு மெத்தைக்காரர் பேசினால் அது அவருடைய மனைவிக்கு மட்டும்தான் புரியும். நாற்காலிச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துப் பிடிக்க ஒரு கை, சுத்தியலுக்கு ஒரு கை. ஆணிக்கென்று மூன்றாவது கை இல்லாததால், பத்துப் பன்னிரண்டு சின்ன ஆணிகளை உதட்டுக்குள் அடக்கிவைத்து, நாக்கால் ஒவ்வொன்றாக வெளியே தள்ளுவார். அப்போது அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் ஒரே முனகலாகத்தான் இருக்கும்.

"ம்ம்ம்ஹூம் ம்ம்?" என்றார் அன்று காலையில்.

"பத்தரைக்குப் போனாப் போதும். ஆபீஸ் தொறக்கறதே பத்து மணிக்குத்தான். நீங்க அந்த மூலையை முடிங்க, முதலாளி," என்றாள் அவள், தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

டாக்டர் ஒருவருடைய வரவேற்பறைக்கு வேண்டிய நீள சோபா அது. பழைய ரெக்ஸினைக் கிழித்தெடுத்து, துருப்பிடித்த ஸ்பிரிங்குகளை மாற்றி, நார் பரப்பி, அதன்மேல் ஃபோம் வைத்து நான்கு நாளாகிவிட்டது. விடாத மழையில் பசை காயவே மாட்டேன் என்றது. ஈரக்காற்றில் துணி தொய்ந்து, காலையில் இழுத்து அடித்தது மாலையில் சுருங்கிப்போய் நின்றது. பட்டறை முழுக்க நனைந்த நாரின் வாடை.

அவள் அவரை முதலாளி என்று கூப்பிடுவது வீட்டுக் கேலி. அரசாங்கக் காகிதத்தில் அது கேலி இல்லை. அவள் மலையினம், அவர் சமவெளியினம். இரண்டு இனத்தாரும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று சட்டம் இருந்த காலத்தில்தான் அவர்கள் சேர்ந்தார்கள். மலையினத்தார் நகரத்தில் தங்க வேண்டுமானால் வேலைச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு ஒரு முதலாளி வேண்டும். 'இந்தப் பெண் என் பட்டறையில் தையல் வேலை செய்கிறாள்' என்று மெத்தைக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீட்டை ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை ஆய்வாளரும் வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

மகள் பிறந்தபோது, தகப்பன் பெயர் என்று அவரைச் சொல்லியிருந்தால் இருவருக்கும் சிறை. ஆகவே பதிவேட்டில், 'தந்தை மலையில் காலமானார்' என்று எழுதவைத்தார்கள். விவரம் தெரிந்த வயதிலிருந்து மகள் அதை ஒரு விளையாட்டாகவே வைத்துக்கொண்டிருந்தாள்.

"காலமானவரே, டீ ஆறுது," என்று அன்றும் டம்ளரை நீட்டினாள். மெத்தைக்காரர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு டீயை வாங்கிக்கொண்டார்.

"பரீட்சைக்குப் படிச்சியா?"

"செத்தவங்க எல்லாம் இப்படிக் கேள்வி கேக்கக் கூடாது."

"வாயைப் பாரு," என்றாள் தாய். ஆனால் சிரித்தாள்.

போன வருடம் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று மெத்தைக்காரர் பட்டறையைப் பூட்டிவிட்டு மனைவியையும் மகளையும் முதல்முறையாக ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வேறு மூலைக்குப் போனார்கள். "நல்லதாப் போச்சு, காலை நீட்டி உக்காரலாம்," என்றாள் அவள். புது விதிகளை அச்சடித்து, கல்யாணப் பதிவுக்கான விண்ணப்பப் பாரம் வந்து சேர ஒன்பது மாதம் ஆயிற்று. இப்போது மகளுக்கு அடுத்த மாதம் பதினெட்டு. தாயின் சீட்டு பிள்ளைக்குப் பதினெட்டு வயது வரைக்கும்தான் செல்லும். அதற்குள் கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டால் காலமானவர் உயிர் பெறுவார். மகள் சமவெளிக்காரரின் மகளாக இங்கேயே இருந்து மருந்தாளுநர் படிப்பில் சேரலாம். இல்லையென்றால் முப்பது நாளுக்குள் அவள் மலைக்குப் போக வேண்டும். மலையை அவள் பாடப் புத்தகத்தில் படமாகத்தான் பார்த்திருக்கிறாள்.

*

பதிவு அலுவலகத்தில் இருந்த அதிகாரி முப்பது வயதுப் பெண். ஜலதோஷம் பிடித்திருந்தது. கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே பாரத்தைப் படித்தவள், பாதியில் நிறுத்தினாள்.

"உங்க சீட்டுல முதலாளி யாரும்மா?"

"இவர்தாங்க."

"கட்டிக்கப்போறவர்?"

"அதுவும் இவர்தாங்க."

"அப்போ முடியாதே." அதிகாரி கைக்குட்டையை மடித்து வைத்தாள். உண்மையாகவே வருத்தப்பட்டவள் போலத்தான் இருந்தாள். "சீட்டுல இருக்கிற பொண்ணை அவங்க முதலாளி கட்டிக்கக் கூடாதுன்னு புது விதி. வேலைக்குன்னு கூட்டிட்டு வந்து, மிரட்டி வச்சிக்கிட்டு, கேஸ் வந்ததும் கல்யாணம்னு சொல்லித் தப்பிச்சிடறாங்க. எத்தனை பொண்ணுங்க வந்து என் முன்னாடி அழுதிருக்காங்க தெரியுமா? நாங்க சண்டை போட்டு வாங்கின விதிங்க இது."

"நல்ல விதிதாங்க. நாங்க என்ன பண்ணணும்?" என்றார் மெத்தைக்காரர்.

"அவங்க ஆறு மாசம் உங்க வீட்டை விட்டு வெளியே இருக்கணும். அவங்க ஊர்ல, அவங்க ஜனங்களோட. அப்புறம் தானா வந்து, இவரைத்தான் கட்டிப்பேன்னு சொல்லணும்."

"அதைத்தானே பத்தொன்பது வருஷமாச் சொல்லிட்டிருக்கேன்," என்றாள் அவள்.

"அது சீட்டுல இருந்துக்கிட்டுச் சொன்னதும்மா. பயத்துல சொன்னதாக்கூட இருக்கலாம் இல்லையா?"

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். குடையிலிருந்து சொட்டும் தண்ணீர் அலுவலகத் தரையில் விழாமல், அதைத் தன் செருப்பின் மேலேயே வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். காதோர மயிரில் நார்த் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

"நீங்களே பாருங்க. இவரைக் கண்டா யாருக்காவது பயம் வருமா?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்து, தும்மலாக முடிந்தது.

"எனக்கு மலையில யாரும் இல்லைங்க," என்றாள் அவள். "சமவெளிக்காரனோட போனவ நிழல்கூட வாசல்ல விழக் கூடாதுன்னு எங்க அண்ணன் சொல்லி அனுப்பிட்டான். அதையும் மீறி நான் போனா, என் சீட்டு போயிடும். அதோட ஒட்டியிருக்கிற என் பொண்ணு எங்கே போவா?"

அதிகாரி யோசித்தாள். அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். "ஒரு விலக்கு இருக்கு. தடை இருந்த காலத்துலயே குடும்பமா வாழ்ந்தவங்களுக்கு இந்த ஆறு மாசம் வேண்டாம். ஆனா அதுக்கு அத்தாட்சி வேணும். அரசாங்கக் காகிதம் ஏதாவது ஒண்ணு. இல்லைன்னா, ஆம்பளை பக்கத்து ரத்த சொந்தம் ஒருத்தர் வந்து உறுதிமொழி எழுதிக் கொடுக்கணும்."

"எங்க ஃபைல் உங்ககிட்டயே இருக்குமேம்மா. வருஷா வருஷம் வந்து பார்த்து எழுதினது. அதுல இருக்காதா?" என்றார் மெத்தைக்காரர்.

ஃபைல் வந்தது. பதினெட்டு ஆய்வறிக்கைகள். அதிகாரி ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். 'பணியாளர் பட்டறையில் தனிக் கட்டிலில் உறங்குகிறார். தனித் தட்டு, தனிப் படுக்கை. முதலாளி கண்ணியமாக நடந்துகொள்கிறார். தகாத உறவு ஏதும் இல்லை. நடத்தை திருப்திகரம்.' அடுத்த வருடமும் அதேதான். அதற்கடுத்த வருடமும்.

"நானும் ஆறு வருஷமா ஃபைல் பார்க்கிறேன்," என்றாள் அதிகாரி. "இவ்வளவு சுத்தமான ஃபைலைப் பார்த்ததே இல்லை."

ஒரு காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் இருவரும் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

*

ஒவ்வொரு ஆய்வுக்கும் முதல் நாள் அந்த வீடு ஒரு நாடகக் கொட்டகையாகும். பக்கத்து வீட்டில் இருக்கும் அவருடைய அக்காவிடமிருந்து மடக்குக் கட்டில் வரும். அதைப் பட்டறையில் போட்டு, அவளுடைய துணிகளையெல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கி அடியில் தள்ளுவார்கள். படுக்கையறையில் ஒரு தலையணைதான் இருக்கும். சீப்பு முதற்கொண்டு எல்லாம் பிரியும். அந்தக் கட்டிலில் யாரும் படுத்த மாதிரி இல்லையே என்று, அவள் அதில் புரண்டு எழுந்து விரிப்பைக் கசக்குவாள். மெத்தைக்காரர் தள்ளி நின்று பார்த்து, "தலைமாட்டுல இன்னும் கொஞ்சம் குழி விழணும்," என்பார். மெத்தை அவர் தொழில். யார் எத்தனை வருடம் படுத்தால் எங்கே எவ்வளவு குழி விழும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தத் திறமைதான் இப்போது கழுத்தைப் பிடித்தது.

"தலைமாட்டுல குழி வேணும்னு சொன்ன மகராசன் நீங்கதானே," என்றாள் அவள், வீட்டுக்கு வரும் வழியில்.

"புரண்டு புரண்டு எழுந்தவ யாரு?"

"நான் உங்களை மாதிரி நிபுணர் இல்லையே."

அதற்குப் பிறகு தெருமுனை வரைக்கும் இருவரும் பேசவில்லை. ஒரே குடை என்பதால் தள்ளியும் நடக்க முடியவில்லை.

*

ரத்த சொந்தம் என்றால் அக்கா ஒருத்திதான். மெத்தைக்காரருக்கு ஏழு வயது மூத்தவள். கணவர் போன பிறகு வீட்டு முன்னறையில் நூல், பட்டன், ஊசி விற்கும் கடை வைத்திருந்தாள். தம்பி மகளைத் தோளில் போட்டு வளர்த்தவள். அவளுக்கு ஒரு மகன், கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். அவனுக்கு அப்போதுதான் பெண் நிச்சயமாகிக்கொண்டிருந்தது.

மெத்தைக்காரரும் மனைவியும் மகளும் உள்ளே போனபோது அக்கா பட்டன்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கை நின்றது. பிறகு மறுபடியும் பிரிக்கத் தொடங்கினாள்.

"என்ன எழுதணும்?"

"உண்மையைத்தான்க்கா. நாங்க இத்தனை வருஷமாக் குடும்பம் நடத்தறோம்னு. நீ பக்கத்து வீட்டுல இருந்து பார்த்தேன்னு."

"அதை நான் ஆபீஸ்ல போய் எழுதணும். என் கையால."

"ஆமாக்கா."

"இந்தப் பிள்ளை அஞ்சு வயசுல, ஆபீசர் முன்னாடி உன்னை அப்பான்னு கூப்பிட்டாளே. அன்னிக்குச் சமாளிச்சது யாரு?"

"நீதான்."

"'தகப்பன் இல்லாத பிள்ளை சார், பால்காரனைக்கூட அப்பான்னுதான் கூப்பிடும்'னு சொன்னேன். அவ்வளவு பெரிய பொய்யை நான் என் புருஷன்கிட்டகூடச் சொன்னதில்லை. வருஷா வருஷம் கட்டில் கொடுத்தேன். அந்தக் கட்டிலைத் தூக்கித் தூக்கித்தான் எனக்கு இடுப்பு போச்சு. இல்லைன்னு சொல்லு பார்ப்போம்."

"நான் சொல்லவே இல்லையேக்கா. அதையேதான் எழுதச் சொல்றோம்."

"கட்டில் கொடுத்தேன். கையெழுத்துக் கொடுக்க மாட்டேன்." அக்கா பட்டன் தட்டைத் தள்ளி வைத்தாள். "பையனுக்குப் பொண்ணு கொடுக்கிறவங்க கேட்டாங்க, உன் தம்பி வீட்டுல ஒரு மலைக்காரி இருக்காளாமேன்னு. தையல் வேலைக்கு இருக்கான்னு சொன்னேன். சரின்னுட்டாங்க. வேலைக்காரின்னா சரி. யாரும் ஒண்ணும் நினைக்கிறதில்லை. நாளைக்கு அவ என் தம்பி பெண்டாட்டின்னு காகிதத்துல ஏறினா, அந்தப் பொண்ணு என் வீட்டு வாசப்படி மிதிப்பாளா?"

"அண்ணி," என்றாள் மனைவி. அவள் குரல் உயரவில்லை. "நீங்க என்ன நினைக்கிறீங்க? அவங்க நினைக்கிறதை விடுங்க."

அக்கா அவளை நேராகப் பார்க்கவில்லை. "நீ தங்கமான பொண்ணு. அதை நான் இல்லைன்னு சொல்லலை. என் தம்பிக்கு உன்னை விட நல்லவ கிடைச்சிருக்க மாட்டா. அதுக்காக ஊர்ல தமுக்கு அடிக்கணுமா? இத்தனை நாள் நல்லாத்தானே இருந்தீங்க? சட்டம் மாறிடுச்சுன்னா மனுஷங்க மாறிட்டாங்களா?"

"அத்தை, நான் போயிடணுமா?" என்றாள் மகள். இதுவரை கதவோரம் நின்றிருந்தவள்.

"யார் உன்னைப் போகச் சொன்னது குட்டி? உங்க அப்பன் பேர்ல ஒரு வேலைச் சீட்டு எடுத்துக்கோ. உங்க அம்மா இல்லையா? என் கண்ணு முன்னாடியே இருக்கலாம்."

"சீட்டுல இருந்தா காலேஜ்ல சேர்க்க மாட்டாங்க அத்தை."

"எல்லாரும் காலேஜுக்குப் போயா பிழைக்கிறாங்க?"

மகள் குனிந்தாள். அத்தையின் தட்டிலிருந்து கீழே உருண்டிருந்த ஒரு பட்டனைப் பொறுக்கி, அதன் நிறத்தோடு சேர்த்து வைத்துவிட்டு வெளியே போனாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் எழுந்து பின்னால் போகவில்லை.

அன்று மெத்தைக்காரர் அடித்த ஆணி ஒன்றுகூட நேராக இறங்கவில்லை. வளைந்ததைப் பிடுங்குவார், அடிப்பார், மறுபடியும் வளையும். கடைசியில் சுத்தியல் கட்டைவிரலில் விழுந்தது. அவள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, ஈரத் துணியைச் சுற்றிவிட்டாள். இரவுச் சோற்றை அவளே பிசைந்து கொடுத்தாள். ஒருவரை ஒருவர் கோபித்துக்கொள்ள இருவருக்குமே தெம்பு இல்லை.

"வியாழக்கிழமை ஆய்வாளர் வர்றார்," என்றாள் மகள், தட்டைக் கழுவிக்கொண்டே.

"கட்டில் கேக்க நான் அக்கா வீட்டுக்குப் போகப்போறதில்லை," என்றார் அவர்.

"நானும் அதைத்தான் சொல்றேன்ப்பா. பதினெட்டுத் தடவை பாஸாயிட்டோம். இந்தத் தடவை பெயிலாவோம்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"அரசாங்கக் காகிதம் வேணும்னு அந்தம்மா சொன்னாங்க இல்லை? அவர் எழுதறதும் அரசாங்கக் காகிதம்தானே? அவர் கண்ணால பார்க்கட்டும். ரெண்டு பேரும் புருஷன் பெண்டாட்டின்னு எழுதட்டும்."

*

வியாழக்கிழமை காலையில் அவர்கள் எதையும் மறைக்கவில்லை. மறைக்காமல் இருப்பதற்கே அவ்வளவு வேலை இருந்தது. படுக்கையில் இரண்டு தலையணை. ஒரே டம்ளரில் மூன்று பல் துலக்கும் பிரஷ். கொடியில் அவர் சட்டையும் அவள் ரவிக்கையும் பக்கத்தில் பக்கத்தில். அவருடைய மூக்குக் கண்ணாடியை அவள் படுக்கையின் தலைமாட்டில் வைத்தாள். "அது இல்லாம நான் எப்படி வேலை செய்யறது?" என்று அவர் போய் எடுத்துக்கொண்டு வந்தார். அவள் மறுபடியும் கொண்டுபோய் வைத்தாள்.

ஆய்வாளர் பதினோரு மணிக்கு நனைந்துகொண்டு வந்தார். பதினோரு வருடமாக வருகிறவர். தலை முழுவதும் நரைத்து, மூட்டு வலியோடு நடப்பார். வீட்டில் அவருக்கு வைத்திருந்த பெயர் திருப்தி. ஒவ்வொரு அறிக்கையையும் அவர் முடிக்கும் சொல் அது.

"வாங்க சார்," என்றாள் அவள். "இவர் உள்ளே இருக்கார். ஏங்க, சார் வந்துட்டார் பாருங்க."

ஏங்க என்றது ஆய்வாளர் காதில் விழுந்த மாதிரியே இல்லை. குடையை மடக்கினார்.

"அப்பா, சாருக்கு டீ போடட்டுமா?" என்றாள் மகள், தெருவுக்கே கேட்கும் குரலில்.

"என்ன மழை, என்ன மழை," என்றார் ஆய்வாளர்.

பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டில் இல்லாத இடத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார். படுக்கையறை வாசலுக்கு அவள் கூட்டிக்கொண்டு போனபோது, மூட்டு வலிக்கிறது என்று திரும்பினார். புதிதாக முடித்திருந்த டாக்டரின் சோபாவில் உட்கார்ந்து, அதை அழுத்திப் பார்த்து, "அருமையா வந்திருக்கு," என்றார். பிறகு பையிலிருந்து காகிதத்தை எடுத்து எழுதத் தொடங்கினார்.

மகள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "தனிக் கட்டிலில் உறங்குகிறார்னு எழுதறீங்களே சார். கட்டில் எங்கே?"

"பாப்பா, நீ போய் டீயைக் கவனி."

"சார், நாங்க புருஷன் பெண்டாட்டி," என்றார் மெத்தைக்காரர். "பத்தொன்பது வருஷமா. இந்தப் பொண்ணு எனக்குப் பொறந்தவ. அதை எழுதுங்க."

ஆய்வாளர் பேனாவை மூடினார். மூவரையும் ஒருமுறை பார்த்தார்.

"எனக்குத் தெரியாதா? நான் என்ன குருடனா? முதல் வருஷமே தெரியும். வேலைக்காரியோட கட்டில்ல மெத்தை அவ்வளவு நல்லா இருக்குமா?" அவர் குரல் தணிந்தது. "தெரிஞ்சும் எழுதலை. உங்களைப் பார்த்தா எழுத மனசு வரலை. அது நான் உங்களுக்குப் பண்ணின நல்லது. இப்போ திடீர்னு புருஷன் பெண்டாட்டின்னு எழுதினா, மேல என்ன கேப்பாங்க? பதினோரு வருஷம் நீ என்னய்யா பார்த்தேன்னு கேப்பாங்க. எனக்கு ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு."

"எங்களைப் பிடிச்சுக் கொடுக்கச் சொல்லித்தானே கேக்கறோம்," என்றாள் அவள். "இத்தனை வருஷம் நீங்க பிடிச்சிடுவீங்களோன்னு பயந்தோம். இப்போ கெஞ்சறோம், பிடிக்க மாட்டேங்கறீங்க."

"என்னால ஆகாதும்மா. வேற எது வேணும்னாலும் கேளுங்க."

அவர் அறிக்கையை முடித்தார். கடைசி வார்த்தையை அவர் எழுதும்போது யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு அவரே பையைத் துழாவி, ஒரு புதுப் பாரத்தை எடுத்து மேசையில் வைத்தார். "பாப்பாவுக்கு அடுத்த மாசம் பதினெட்டு, எனக்குத் தெரியும். அதான் கொண்டுவந்தேன். நீங்களே முதலாளின்னு போட்டுக் கொடுங்க. உங்க ஃபைல் சுத்தமான ஃபைல். ஒரே வாரத்துல சீட்டு வந்துடும். அவ உங்களோடயே இருக்கலாம். படிப்பு... படிப்பு போகட்டும், பிள்ளை கூட இருக்கும் இல்லையா?"

வெளியே மழை வலுத்தது. மகள் டீ டம்ளரோடு அப்படியே நின்றாள்.

"எழுதுங்கப்பா," என்றாள் கடைசியில். "மலைக்குப் போறதுக்கு இது பரவாயில்லை."

மெத்தைக்காரர் கட்டைவிரல் கட்டோடு பேனாவை எடுத்தார். பணியாளரின் பெயர். வயது. வேலையின் வகை: தையல். ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தார். 'முதலாளிக்கும் பணியாளருக்கும் உள்ள உறவு' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. 'இல்லை' என்ற மூன்றெழுத்துதான். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் பேனாவை வைத்தார். எடுத்தார். மையின் ஒரு புள்ளி மட்டும் அந்தக் கட்டத்தில் விழுந்தது.

"முடியலை சார்," என்றார். "என் பொண்ணு இது. இல்லைன்னு எப்படி எழுதறது? கை வரமாட்டேங்குது."

அவள் மெஷின் அருகில் நின்றுகொண்டிருந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"என்னை எழுதறப்ப உங்க கை ஒரு தடவைகூட நின்னதில்லையே."

மெத்தைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"பதினெட்டுத் தடவை எழுதியிருக்கீங்க. நான் பக்கத்துலயேதான் நின்னுருக்கேன். கடகடன்னு எழுதுவீங்க."

"கை நின்னிருந்தா நீ இங்கே இருந்திருக்க மாட்டே."

"தெரியும்," என்றாள் அவள். "தெரிஞ்சுதான் இத்தனை நாள் கேக்கலை."

அவள் அழவில்லை. அவளுக்கு அழத் தோன்றவில்லை. மெஷினில் மாட்டியிருந்த நூலை அறுத்தாள், மறுபடியும் கோத்தாள். மெத்தைக்காரர் சற்று நேரம் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளின் பாரத்தை ஓரமாகத் தள்ளினார். மேசையில் இன்னொரு பாரம் இருந்தது. அவளுடைய சீட்டைப் புதுப்பிப்பதற்காக பதிவு அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே அவர் எழுதி வைத்தது. வழக்கம்போல எல்லாவற்றையும் நிரப்பியிருந்தார். அந்த இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. அதன் குறுக்கே ஒரு கோடு கிழித்து, மேலே 'மனைவி' என்று எழுதினார். ஓரத்தில் கையெழுத்தும் போட்டார். பிறகு மகளின் பாரத்தை இழுத்து, மைப்புள்ளி விழுந்த கட்டத்தில் 'மகள்' என்று எழுதினார். இரண்டையும் ஆய்வாளர் பக்கம் நகர்த்தினார்.

ஆய்வாளர் பதறிப்போனார். "என்னய்யா இது? என் அறிக்கை ஒண்ணு சொல்லுது, உங்க பிரமாணம் ஒண்ணு சொல்லுது! கிழிச்சிடுங்க, வேற பாரம் தர்றேன்."

அவர் கை நீட்டுவதற்குள் அவள் வந்து காகிதங்களின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டாள். தடித்த ரெக்ஸினை இழுத்துப் பிடித்துத் தைக்கிற கை. அவரால் அதை நகர்த்த முடியவில்லை.

"இது என் கைக்கு வந்தா நான் மேல அனுப்பித்தான் ஆகணும்மா. பொய்ப் பிரமாணம், பதினெட்டுத் தடவை. கேஸ் ஆகும். இவர் உள்ளே போக வேண்டி வந்தாலும் வரும்."

"அந்தக் கேஸ் காகிதத்துல நாங்க யாருன்னு எழுதுவாங்க?"

ஆய்வாளர் பதில் சொல்லத் தயங்கினார். "புருஷன் பெண்டாட்டியா வாழ்ந்துக்கிட்டு மறைச்சாங்கன்னு எழுதுவாங்க."

"கேஸ் நடக்கும்போது எங்களை ஊரை விட்டு அனுப்புவாங்களா சார்?" என்றாள் மகள்.

"எப்படி அனுப்புவாங்க? முடியற வரைக்கும் யாரும் ஊரைத் தாண்டக் கூடாது."

"அப்போ என்னையும் சாட்சியா எழுதிக்குங்க."

ஆய்வாளர் தன் அறிக்கையை எடுத்து ஒருமுறை படித்தார். தன் கடைசி வார்த்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவள் கைக்கு அடியில் இருந்த காகிதங்களைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வரி வரியாக விரல் வைத்துச் சரிபார்த்தார். அத்தனை வருடப் பழக்கம்.

"மத்ததெல்லாம் போன வருஷம் எழுதின மாதிரியே இருக்கு," என்றார். "பணியில் சேர்ந்த தேதின்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, அதையும் அடிச்சிடலாமா?"

மெத்தைக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"வேண்டாம் சார், இருக்கட்டும்," என்றாள் அவள். "நாங்க சேர்ந்த தேதி அதுதான்."